காலி வீட்டு விளக்கு

செம்பூர், பம்பாய்
8-8-1963

மஞ்சணக்கரை நகரசபைத் துணைத் தலைவர் திரு. ஆறுமுகநயினார் அவர்களுக்கு,

இக்கடிதத்தை உங்கள் பதவிக்கு எழுதுவதா, நம் பள்ளிக்கூடச் சிநேகிதத்துக்கு எழுதுவதா என்று யோசித்துப் பதவிக்கே எழுதுகிறேன். சிநேகிதத்துக்கு எழுதினால் சில கேள்விகளைக் கேட்க முடியாமல் போய்விடும்.

கிழக்குப் பள்ளித் தெருவில் உள்ள எங்கள் வீடு, என் தாயார் காலமான பிறகு பூட்டியே கிடக்கிறது. சாவி உங்கள் ஜவுளிக் கடைப் பெட்டியில் இருக்கிறது. குடியில்லாமலும் வாடகைக்கு விடப்படாமலும் கிடக்கும் வீட்டுக்கு, முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்தால், வீட்டுவரியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதன்படி ஏப்ரலில் அறிவிப்புக் கொடுத்தேன். ஜூலையில், வீடு காலியாகவே இருந்தது என்று சத்தியப் பிரமாணம் செய்து மனு அனுப்பினேன்.

இப்போது கமிஷனரிடமிருந்து எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. அந்த வீட்டில் நாள்தோறும் மாலையில் விளக்கெரிகிறது என்றும், காலையில் அடுப்பு புகைகிறது என்றும் பில் கலெக்டர் அறிக்கை கொடுத்திருக்கிறாராம். செப்டம்பர் பதினாறாம் தேதி நேரில் பார்வையிட்டு முடிவு செய்வதாகக் கமிஷனர் எழுதியிருக்கிறார்.

வியாழன் மாலை விளக்கைப் பற்றி எனக்குத் தெரியும். ஏற்றச் சொன்னதே நான்தான். பூட்டிய வீட்டை முழு இருட்டில் விடக்கூடாது என்று, வாரத்தில் ஒரு மாலை பக்கத்து வீட்டார் உள்ளே போய் மாடத்தில் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டுவிட்டுப் பூட்டி வருவது நம் ஊரில் இரு சமூகத்தாருக்கும் உள்ள வழக்கம். பக்கத்து வீட்டுப் பேராச்சி அதைச் செய்துவருகிறாள். ஒரு மாலை விளக்கு குடித்தனம் ஆகாது என்று எந்த மன்றத்திலும் என்னால் வாதாட முடியும். நாள்தோறும் எரியும் விளக்குக்கு என்னிடம் வாதம் இல்லை.

இது என் ஒருவனுடைய மனுவும் அன்று. தாராவியில் உள்ள நம் ஊர்ச் சங்கத்தார் முப்பதுக்கு மேற்பட்டோர், நான் எழுதிக்கொடுத்த அதே வாசகத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என் மனுவின் முடிவே அவர்கள் மனுவுக்கும் முடிவு. என் பிரமாணம் பொய்யென்று ஆனால் அவர்கள் மனுக்கள் விழும். பொய்ச் சத்தியம் செய்த வக்கீலாக நானும் கோர்ட்டுப் படியேற முடியாது.

ஆகவே ஒரே கேள்வி. என் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
எம். நஜிமுதீன், பி.ஏ., பி.எல்.


மஞ்சணக்கரை
16-8-63

மச்சான் நஜிமுதீனுக்கு,

நீ பதவிக்கு எழுதியிருக்கிறாய். பதவி பதில் எழுதாது. அதற்குக் குமாஸ்தா உண்டு. ஆகையால் நான் எழுதுகிறேன்.

உன் வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. ஒரு பொருளும் களவு போகவில்லை. கூரையில் ஓர் ஓடு நழுவியிருந்ததை மாற்றிவிட்டேன். இதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதற்கில்லை.

நகரசபையைப் பற்றி எழுதுகிறேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களுக்கு வருமானம் என்பது வீட்டுவரி. சந்தைக் குத்தகையும் வண்டிப்பேட்டைக் குத்தகையும் பெயருக்குத்தான். உன் தெருவில் எதிரெதிராகப் பூட்டுகள் தொங்குகின்றன. அத்தனையும் பம்பாய்ப் பூட்டு. பூட்டிய வீட்டின் முன்னாலும் சாக்கடை ஓடுகிறது. அதை அள்ளுகிறவர்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் பாக்கி. தண்ணீர்த் தொட்டிக்குச் சர்க்காரிடம் கடன் கேட்டிருக்கிறோம். 'வரி வருமானம் தவணையைத் தாங்கும் என்று காட்டுங்கள், பிறகு பேசலாம்' என்கிறார்கள். நீங்கள் கேட்கும் தள்ளுபடியைக் கொடுத்தால் எதைக் காட்டுவது? ஆடி முழுக்கப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வந்து உன் சட்டத்தைப் படித்துக் காட்டு பார்க்கலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பள்ளிவாசல் மினாராவுக்கு வெள்ளையடிக்கப் பம்பாயிலிருந்து மணியார்டர் வருகிறது. அம்மன் கோயில் கொடைக்கு வருகிறது. கொடியேற்றத்துக்கு மேளம் பேசுவதற்குத் தந்தியே வருகிறது. சாக்கடைக்கு இதுவரை ஒருவரும் மணியார்டர் அனுப்பியதில்லை.

உன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். காரணம் கேட்காதே. நான் துணைத் தலைவன் என்பதற்காகச் சொல்லவில்லை.

அன்புடன்,
நயினார்


செம்பூர்
24-8-1963

திரு. ஆறுமுகநயினார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாட்சியின் வாக்குமூலத்தைப் படிப்பதுபோலப் படித்தேன். 'வாடகைக்கு விடவில்லை' என்றீர்கள். 'யாரும் இல்லை' என்று எழுதவில்லை. 'களவு போகவில்லை' என்றீர்கள். 'யாரும் நுழையவில்லை' என்று எழுதவில்லை. பொய் சொல்லப் பழகாதவர் இப்படித்தான் எழுதுவார். அதனாலேயே என் சந்தேகம் உறுதிப்பட்டது.

நேற்றுச் சங்கக் கூட்டத்தில் உங்கள் கடிதத்தின் நிதிநிலைப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். தோல் பட்டறை கரீம் பாட்சாவை நினைவிருக்கும். எழுந்து நின்றுவிட்டார்.

"இந்தா பாருங்க வக்கீல் சாப், ஊர்ல தண்ணி இல்ல, ரோட்டுல லைட் இல்ல. வரி பில்லு மட்டும் டைம்க்கு வருது, நம்ம லோக்கல் வண்டி மாதிரி. காலி வீட்டுக்கு எதுக்கு வரி? பூட்டு தண்ணி குடிக்குதா?"

"அரே, சும்மா இருங்க பாய்," என்றார் பிச்சையா. அவர் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வியாபாரம் செய்கிறவர். "இங்க நமக்கு வரியும் கிடையாது, வீடும் கிடையாது. முனிசிபாலிட்டி லாரி வந்தா தகரத்தப் பிரிச்சிட்டு ஓடுதோம். அங்க வீடு இருக்கு, ஆளு இல்ல. சாலா, வரி கட்டுனாத்தான் நமக்கும் ஒரு ஊரு இருக்குன்னு யாராச்சும் நம்புவான்."

"அப்போ உம்ம மனுவ வாபஸ் வாங்கும்!"

"அது எப்பிடி? வக்கீலய்யா எழுதுனது. அவரு வாங்குனா நானும் வாங்குதேன்."

எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'வக்கீலய்யா எழுதுனது' என்ற ஒரு நம்பிக்கையில் அத்தனை பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் கனத்தது.

உங்கள் தண்ணீர்த் தொட்டியை நான் அலட்சியப்படுத்தவில்லை. நகரசபைக்குப் பணம் தேவை என்பது வேறு. சட்டம் தரும் சலுகை வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுக்க முடியாது.

இன்னும் பத்து நாளில் எனக்கு நேரான பதில் வராவிட்டால், பூட்டை உடைத்து வீட்டைச் சோதிக்குமாறு நானே கமிஷனருக்கும் போலீஸாருக்கும் பதிவுத் தபாலில் எழுதுவேன். உள்ளே இருப்பவர் எவராயினும் அத்துமீறி நுழைந்தவராகவே நடத்தப்படுவார். அந்தப் பழி உங்கள் மேல் விழுவதை நான் விரும்பவில்லை.

நஜிமுதீன்


மஞ்சணக்கரை
1-9-63

நஜிமுதீன்,

போலீசுக்கு எழுதாதே. எழுதிவிட்டிருந்தால் தந்தி கொடுத்து நிறுத்து.

உன் வீட்டில் இருப்பது உன் தங்கை சபுரா.

மே மாதம் ஒரு மத்தியானம் என் கடை வாசலில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றாள். பர்தாவுக்குள் யாரென்று தெரியவில்லை. "அண்ணாச்சி, நான்தான்" என்றாள். அவள் கணவன் தலாக் சொல்லி பஸ் ஏற்றிவிட்டிருக்கிறான். பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை என்பது காரணமாம். அவளுக்கு ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? நான் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அன்றே உனக்கு எழுதுவதாகச் சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. பங்கு கேட்டவ இந்தப் படி ஏறக்கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்கு. நான் பின்கட்டுல இருந்துக்கிடுதேன். ஒரு வழி கிடைச்சதும் போயிருவேன். அண்ணனுக்கு மட்டும் எழுதிராதீய."

"நீ எதுக்கும்மா பங்கு கேட்ட?" என்று கேட்டேன்.

"நான் எப்பம் கேட்டேன்?" என்றாள்.

மச்சான், இதை இரண்டு முறை படி. அவள் கேட்கவே இல்லை. கேட்டவன் அவள் கணவன். நீ அவனுக்கு ஒரு தொகை கொடுத்து, 'என் மனைவிக்கு இனி அந்த வீட்டில் பாத்தியதை இல்லை' என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டாய். அதை வைத்துத்தான் நகரசபையில் வீட்டை உன் ஒருவன் பெயருக்கு மாற்றினாய். அந்தத் தொகை அவள் கைக்கு வரவில்லை. அப்படி ஒரு தொகை உண்டென்பதே நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். உன் தாயார் பெயரில் இருந்த வீடு. அதில் மூன்றில் ஒரு பங்கு மகளுக்கு என்பதும், மனைவியின் சொத்தைக் கணவன் எழுதிக்கொடுக்க முடியாது என்பதும் எனக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?

ஏப்ரலில் நீ கொடுத்த அறிவிப்பு உண்மை. ஜூலையில் செய்த பிரமாணம் உனக்குத் தெரியாமல் பொய்யாகிவிட்டது. ஆகஸ்டு கடிதத்தில் நான் மென்று விழுங்கியதும் இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் பிரமாணத்தைப் பற்றி அவளிடம் சொன்னது என் பிசகு. அன்றைக்கு மாலையிலிருந்து அவள் விளக்கேற்றுவதில்லை. பேராச்சி போய்ச் சத்தம் போட்டாள். "ஏட்டி, மனுசி இருக்க வீட்டை இருட்டடிச்சுப் போட்டிருக்கியே, கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"அண்ணன் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கு மயினி. நான் விளக்கேத்தி அதைப் பொய்யாக்கவா?" என்றாளாம்.

அந்தியில் மஃரிபு பாங்கு சொன்ன பிறகு அந்த வீட்டில் ஒரு பெண் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள், உன் வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக.

'இந்த வீட்டில் சபுரா இருக்கிறாள்' என்று நான் கமிஷனருக்கு ஒரு வரி எழுதினால் போதும். உன் மனு விழும், என் தொட்டி எழும். மூன்று மாதமாக நான் எழுதவில்லை. எழுதவேண்டியவன் நீ.

நயினார்


செம்பூர்
8-9-1963

அன்புள்ள நயினாருக்கு,

போலீஸாருக்கு எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று கோர்ட்டுக்குப் போகவில்லை. பல முறை எழுதிக் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன். வார்த்தைகள் வறண்டிருந்தால் அதற்கு மனம் காரணம் அல்ல. எனக்குப் பழகிய வார்த்தைகள் இவைதான்.

சபுராவின் நிலையை அறிந்து வருந்துகிறேன். அவள் கேட்கவில்லை என்பதை நம்புகிறேன். கணவனின் கையெழுத்து மனைவியைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். அப்போது அவள் சம்மதத்தோடுதான் அவன் எழுதுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்வதற்கு எனக்கு வசதியாகவும் இருந்தது. அந்த விஷயத்தை உரிய முறையில் சரிசெய்வேன்.

ஆனால் பதினாறாம் தேதி நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் சங்கத்தார் எல்லோருடைய மனுவின் மேலும் சந்தேகம் விழும். அவர்களில் பலருடைய வீடுகள் உண்மையிலேயே காலி. என் குடும்பத்தின் ஒரு தவறுக்காக அவர்கள் நஷ்டப்படுவது நியாயமா?

ஜூலையில் நான் அறியாமல் செய்த பிரமாணம் குற்றம் ஆகாது. இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும். பார்வையிடும் நாளில் வீடு எப்படி இருக்கிறதோ அதைத்தான் கமிஷனர் பதிவு செய்யப்போகிறார். சபுரா அதற்கு முன்பாகவே பேராச்சி வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினால், பார்வையிடும்போது வீடு காலியாகவே இருக்கும். யாரும் பொய் சொல்ல வேண்டியிராது. உத்தரவு வந்த பிறகு அவளுக்கு உரிய ஏற்பாட்டைச் செய்கிறேன். இது என் வாக்கு.

அவள் இருட்டில் இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதை அவளிடம் சொல்லுங்கள். கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
நஜிமுதீன்


மஞ்சணக்கரை
20-9-63

வக்கீல் நஜிமுதீன் அவர்களுக்கு,

காட்டவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். காட்டவில்லை. படித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணன் நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றாள். அப்புறம் வேலையில் இறங்கிவிட்டாள்.

அவள் செய்ததை எழுதுகிறேன். உங்கள் வெற்றியின் விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுப்பை இடித்தாள். சாம்பலை ஓலைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டினாள். விளக்கு மாடத்தில் புகை படிந்திருந்த இடத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை என்று சுண்ணாம்பு அடித்தாள். உங்கள் தாயார் காலத்துக் கரியும் அதோடு போயிற்று. கொடிக் கயிற்றை அவிழ்த்தாள். தகரப் பெட்டியைப் பேராச்சி வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள்.

பதினாறாம் தேதி கமிஷனர் வந்தார். பில் கலெக்டரும் நானும் கூட இருந்தோம். அறை அறையாகப் பார்த்தார்கள். பில் கலெக்டர் முகம் செத்துவிட்டது. "இத்தனை வருஷத்துல பூட்டிப்போட்ட வீடு இம்புட்டு சுத்தமா இருந்து நான் பார்த்ததில்ல சார்" என்று மட்டும் சொன்னார். கமிஷனர் அவரை முறைத்துவிட்டு, 'காலி' என்று எழுதினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

பக்கத்துச் சுவருக்கு மேலாகப் பேராச்சிதான் கத்தினாள்: "அய்யா, நல்லா பாத்துக்கிடுங்க! பம்பாய் வக்கீலு சத்தியம் பலிச்சுப்போச்சு. இனிமே அந்த வீட்டுல பேய் கூடக் குடியிருக்காது!" கமிஷனர் யாரென்று கேட்டார். பைத்தியம் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பாவமும் எனக்கு.

தள்ளுபடி உத்தரவு மாதக் கடைசியில் கையெழுத்தாகும். உங்களுக்கு மட்டுமல்ல, சங்கத்தார் அனைவருக்கும். தொட்டிக் கடனைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை.

சபுரா திரும்ப வீட்டுக்குப் போகவில்லை. சாவியை நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "காலின்னு எழுதியாச்சே அண்ணாச்சி. இனிப் போனா அது களவு." கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் இடத்தில் ஆள் எடுக்கிறார்களாம். அக்டோபர் முதல் தேதி பஸ் ஏறுகிறாள். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

உங்கள் வாக்குப்படி உரிய ஏற்பாட்டைச் செய்யும்போது, எந்த விலாசத்துக்குச் செய்வது என்று எனக்கு எழுதுங்கள்.

ஆறுமுகநயினார்


செம்பூர்
26-9-1963

மச்சான்,

நேற்றுக் கொடுத்த தந்தி உனக்கு வந்திருக்கும். 'பஸ் ஏறவிடாதே' என்பதற்கு மேல் தந்தியில் எழுதத் தெரியவில்லை.

கமிஷனருக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகலை இங்கேயே எழுதுகிறேன். நான் எழுதியதற்கு நீ சாட்சியாக இருக்க வேண்டும்.

'என் ஜூலை மாதப் பிரமாணம் இரண்டு விதத்தில் தவறானது. வீடு மே மாதம் முதல் காலியாக இல்லை. அதில் என் சகோதரி சபுரா குடியிருந்து வருகிறார். மேலும், நான் அவ்வீட்டின் ஒரே உரிமையாளன் அல்லேன். மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அவர் கணவர் கொடுத்த எழுத்தை அவர் கொடுத்ததாகக் காட்டிப் பெயர் மாற்றம் பெற்றது என் பிழை. செப்டம்பர் எட்டாம் தேதிக்கு முன்பே அவர் குடியிருப்பதை அறிந்திருந்தும், பார்வையிடும் நாளில் அவர் வெளியேறி இருக்குமாறு செய்தது நானே. இதில் துணைத் தலைவருக்கோ அண்டை வீட்டாருக்கோ பொறுப்பில்லை. முழு வரியையும் விதிக்கும்படியும், பதிவேட்டில் சகோதரியின் பெயரைச் சேர்க்கும்படியும், என் மேல் எடுக்கவேண்டிய நடவடிக்கையை எடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.'

பார்வையிடும் நாளைப் பற்றிய வாசகத்தை எழுதும்போது கை நின்றது. அதை விட்டுவிட்டாலும் கடிதம் செல்லும். விட்டுவிட்டால் பில் கலெக்டர் பொய்யராவார், ஆகவே எழுதினேன்.

அனுப்புவதற்கு முன் சங்கத்தாரைக் கூட்டிப் படித்தேன். அவர்கள் நம்பிக் கையெழுத்திட்டவர்கள். பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது முறையல்ல. கரீம் பாட்சா மேசையைத் தட்டினார்.

"வக்கீல் சாப், ஜெயிச்ச கேஸை எவனாச்சும் தோப்பானா? எங்க கதி என்ன?"

"உங்கள் வீட்டில் உண்மையிலேயே யாரும் இல்லையென்றால் உங்கள் மனு நிற்கும். நானே வந்து வாதாடுகிறேன்" என்றேன். "இருக்கிறார்களா இல்லையா என்று மட்டும் இன்றைக்குச் சொல்லுங்கள்."

பிச்சையா தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார்.

"எங்க வீட்டுல எங்க அத்தை இருக்கா."

"அரே! அப்புறம் ஏன்யா காலின்னு கையெழுத்துப் போட்டீரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அத்தைதானே, அவளை யாரு ஆளுன்னு கணக்குல எடுத்தா?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் மாறிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பின் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் புருஷனை இழந்த மதினி. ஒருவர் வீட்டில் பேச வராத சித்தி. கரீம் பாட்சா கடைசிவரை வாய் திறக்கவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது என் காதருகில், "நம்ம வீட்டுல வாப்பாவோட ரெண்டாம் சம்சாரம் இருக்கு, சாப். நாங்க அதைப் பேசுறதில்ல" என்றார்.

உன் ஊர்க் காலி வீடுகளில் பாதி இப்படித்தான் காலி. இனி அவரவர் திருத்தி எழுதட்டும். வாசகம் நான் எழுதித் தரப்போவதில்லை.

பார் கவுன்சில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மறைப்பதற்கில்லை.

சாவியைச் சபுராவிடம் கொடு. நான் கொடுக்கச் சொன்னதாகச் சொல்லாதே. அவள் பங்குக்கு என் உத்தரவு தேவையில்லை. அடுப்பை மறுபடி போட ஆள் அனுப்பு. வேறொன்றும் கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் விளக்கை மட்டும் பின்கட்டில் வைக்கவேண்டாம், தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி முன்மாடத்தில் ஏற்றச் சொல். மன்னிப்பு என்ற சொல்லை எழுத மூன்று முறை பேனாவை எடுத்தேன். அதைத் தபாலில் அனுப்பக்கூடாது என்று தோன்றுகிறது. கோர்ட் விடுமுறையில் வருகிறேன், அவள் சம்மதித்தால்.

நஜிமுதீன்


மஞ்சணக்கரை
14-10-63

மச்சான் நஜிமுதீனுக்கு,

தந்தி வந்தபோது அவள் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். தேதிக்கு முன்பே கிளம்பிவிட்டாள், யாரிடமும் சொல்லாமல். பேராச்சிதான் பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றாள். டிரைவர் வைத வசவை இங்கே எழுத முடியாது; பேராச்சி திருப்பி வைததை எங்கேயும் எழுத முடியாது.

கமிஷனர் உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். 'இப்படி ஒன்றை நான் ஃபைலில் பார்த்ததில்லை' என்றார். அபராதம் உண்டு, நோட்டீஸ் வரும். பார்வையிட்ட அன்றே எனக்கு இது தெரியுமா என்றும் கேட்டார். சட்டைப் பையில் உன் கடிதம் இருந்ததைச் சொல்லிவிட்டேன். மன்றக் கூட்டத்தில் எனக்கும் கண்டன மாலை ஒன்று காத்திருக்கிறது. தொட்டிக் கடன் கிடைக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தாராவியிலிருந்து பிச்சையா உட்பட ஒன்பது பேர் திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வீட்டு வரியை வைத்துத் தொட்டி கட்ட முடியாது. அதைக் காட்டிச் சிறு தவணையில் கடன் கேட்டுப் பார்க்கலாம்.

நீ வருவதைப் பற்றிச் சபுராவிடம் கேட்டேன். அடுப்புக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தாள். குழைப்பதை விடாமலே, "வரட்டும். கதவைத் தட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதா என்று நீதான் யோசிக்கவேண்டும். உனக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு; ஆகையால் எச்சரிக்கிறேன்.

நேற்று பில் கலெக்டர் அந்தத் தெருவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். உன் வீட்டு வாசலில் எப்போதும் பில்லைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறவர், நேற்றுச் செருகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்றார். பில்லில் உன் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது, மை காயாமல்.

"வீட்டுக்காரம்மா இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அப்படி ஒருவர் அவளைக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பிறகு குரல் வந்தது.

"இருக்கேன்."

நயினார்